பிடியரிசி வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து எங்களைத் தாங்கிய வில்லாபுரம் தெருவாருக்கும், உற்றார் உறவினருக்கும் எங்கள் அன்பின் வணக்கங்கள்.

கம்போடியாவில் ஏழு ஆண்டுகள் ஊழியம் செய்துவிட்டு நானும் என் கணவரும் சென்ற மாதம் மதுரைக்குத் திரும்பினோம். வந்த முதல் ஞாயிறே ஆராதனை முடிந்ததும் எங்களை முன்னால் அழைத்துச் சால்வை போர்த்தி நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டதால், சொல்ல நினைத்ததில் பாதியைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். அந்த மீதியை இந்த மடலில் எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு. நாங்கள் புறப்பட்ட ஆண்டிலிருந்து இன்றுவரை, உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டு, மாதக் கடைசி ஞாயிறில் ஆலயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். பொன்னியும் ரேஷன் அரிசியும் புழுங்கலும் பச்சையும் ஒரே சாக்கில் கலந்து கிடக்கும் அந்த அரிசியைச் சோறாக்க யாராலும் முடியாது என்பது வீட்டில் சமைக்கிற எவருக்கும் தெரியும். அதை ஒவ்வொரு மாதமும் ஏலத்தில், கடை விலைக்கு மேலே கொடுத்து, மாவு அரைத்து விற்கும் ஒரு அக்காவே எடுத்திருக்கிறார். அவருக்கு அதில் லாபம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. நாங்கள் கம்போங் ச்னாங் நகரில் குடியிருந்த வீட்டின் வாடகை அந்தச் சாக்கிலிருந்து வந்தது. வாடகையை எண்ணிக் கொடுக்கும்போதெல்லாம் எந்த வீட்டு அடுப்படியிலிருந்து எத்தனை பிடி என்று மனம் கணக்குப் போட்டுவிட்டுத் தோற்றுப்போகும்.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்ற நன்றிகள் புரியும். தலைநகரான புனோம் பென்னிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், தொன்லே சாப் ஆற்றின் கரையில் இருக்கிறது கம்போங் ச்னாங். கெமர் மொழியில் 'ச்னாங்' என்றால் பானை, 'கம்போங்' என்றால் துறை. நம் மானாமதுரையைப்போல மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர் என்பதால், சூளைப் புகையின் வாசம் முதல் நாளே எங்களுக்குப் பழகிவிட்டது. ஆறுதான் பழகவில்லை. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் நாம். அங்கே மழைக்காலத்தில் மேகாங் நதி பெருகியதும் தொன்லே சாப் ஆறு திசை மாறி ஏரியை நோக்கி ஓடும். மழை ஓய்ந்து நவம்பர் வாக்கில் மறுபடி கடலை நோக்கித் திரும்பும். மிதக்கும் வீடுகளில் இருக்கிறவர்கள் அந்த நீரோடு சேர்ந்து இடம் மாறுவார்கள். ஆகவே வீட்டுக்கூட்டம் எந்த வீட்டில், எந்த நாளில், படகிலா சேற்றில் நடந்தா என்பதை ஆறு தீர்மானித்தது. நாங்கள் கொண்டுபோன கால அட்டவணை மூன்றாம் மாதமே குப்பைக்குப் போனது.

முதல் இரண்டு ஆண்டுகள் மொழி படிப்பதிலேயே கழிந்தன. இங்கே பசுமலையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கெமர் எழுத்துகளைக் கண்டு நான் மிரண்டுபோயிருந்தபோது, புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை எங்களை யானைமலை அடிவாரத்து நரசிங்கம் குடைவரைக்கு அழைத்துப்போய், வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் இருக்கும் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளைக் காட்டினார். கெமர் எழுத்து பல்லவர் எழுத்தின் வழியில் பிறந்தது என்பதை அந்தக் கல்லின் முன் நின்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "உங்கள் வீட்டுப் பெண் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போகிறீர்கள், பயப்படாதீர்கள்" என்றார். எழுத்து பிடிபட்டது, பேச்சு அத்தனை எளிதில் பிடிபடவில்லை. அங்கே சோற்றுக்குப் 'பாய்' என்று பெயர். சந்திக்கிறவர்களெல்லாம் 'ஞாம் பாய்' என்று, சாப்பிட்டாயிற்றா என்பதையே நலம் விசாரிப்பாகக் கேட்பார்கள். நம் காதுக்கோ பாயைத் தின்னச் சொல்வதுபோல் இருக்கும். மூன்று என்பதற்கு அதே மாதிரியான ஒலியில் 'பெய்'. கடையில் நான் சோறு கேட்டு, மூன்று என்ன வேண்டும் என்று கடைக்காரர் விழித்த நாட்கள் பல. ஆனால் வயதான ஆண்களை 'தா' என்று அழைக்க வேண்டும் என்றதும் எங்கள் தாத்தாவே எதிரில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஆசிரியருக்கு 'க்ரூ', குரு என்பதுதான்.

ஊழியம் என்றவுடன் பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைத்துப் பேசுவதை நம்மில் பலர் நினைத்திருக்கலாம். அங்கே பௌத்தம் அரச மதம் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பதற்கு அனுமதி இல்லை. அந்த விதியை நாங்கள் மீறவில்லை, மீற விரும்பவும் இல்லை. காலையில் சந்தை, மழைநீர்ச் சாடியிலிருந்து தண்ணீர் மொள்ளல், கரியடுப்புச் சமையல், மாலை ஐந்து மணிக்குத் தெருப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, நீங்கள் யார், ஏன் வந்தீர்கள் என்று கேட்ட பிறகுதான் வேதத்தின் பேச்சே தொடங்கியது.

சீஷத்துவ வகுப்பு, அதாவது இயேசுவின் சீடராக வாழக் கற்கும் கூட்டம், நடக்கிற விதத்தையும் எழுதிவிடுகிறேன், பலர் கேட்டீர்கள். முதியவர்களில் பலருக்கு வாசிக்க வராது என்பதால் வேதத்திலிருந்து ஒரு கதையை இரண்டு முறை சொல்வோம். பிறகு அவர்களில் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்ல, விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். கதையில் கடவுள் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், மனிதர் எப்படி, இந்த வாரம் நான் என்ன செய்யப்போகிறேன் என்று மூன்று கேள்விகள். அடுத்த வாரம் கூடியதும் முதல் வேலை, போன வாரம் செய்வதாகச் சொன்னதைச் செய்தாயா என்று ஒருவரையொருவர் கேட்பது. அந்தக் கேள்வியிலிருந்து எங்களுக்கும் விலக்கு இல்லை. மன்னிப்பைப் பற்றிய கதை சொன்ன வாரம், என் நாத்தனாரோடு பேசி நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் பதினாறு வயதுப் பையன் ஒருவன், "நேக் க்ரூ, போன் பண்ணினீர்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். பண்ணவில்லை. அதற்கடுத்த வாரமும் கேட்டான். வீட்டுப் பங்கு விஷயத்தில் நான் பேசிய பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அன்றிரவு என் குரலைக் கேட்டதும் "சாப்பிட்டியா மதினி" என்று மட்டும் கேட்ட என் நாத்தனாருக்கு இந்த மடலில் நன்றி சொல்லாமல் வேறெங்கே சொல்வேன்!

ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டு ஜெப மடலில் 'பதினேழு பேர் சீஷராகிறார்கள்' என்று எழுதினேன். அது பொய்யல்ல, ஆனால் உண்மையும் அல்ல. அறுவடை முடிந்ததும் பிள்ளைகளில் பாதிப்பேர் புனோம் பென் ஆயத்த ஆடை ஆலைகளுக்கும், சிலர் எல்லை தாண்டித் தாய்லாந்துக்கும் வேலைக்குப் போய்விட, மிஞ்சியவர்கள் ஐந்து பேர். எழுதிய எண்ணைக் காப்பாற்ற வேண்டுமே என்று அடுத்த மடலை இரண்டு மாதம் எழுதாமலே தள்ளிப்போட்டேன். அப்போது சபை மூப்பர் ஒருவர், "எண்ணிக்கை வேண்டாம் அம்மா, ஜெபிக்க ஐந்து பெயர்களைச் சொல்லுங்கள் போதும்" என்று எழுதிய ஒருவரிக் கடிதம் எங்களை மறுபடி நிமிர்த்தியது. ஆலைக்குப் போன பிள்ளைகளோடு ஞாயிறு இரவு தொலைபேசியில் அதே மூன்று கேள்விகளைக் கேட்டுத் தொடரும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

என் கணவருக்கு டெங்கு வந்து தட்டணுக்கள் 18,000-க்கு இறங்கிய அந்த வாரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முன்பணம் கட்டாமல் படுக்கை தர மாட்டோம் என்றார்கள் மருத்துவமனையில். நள்ளிரவில் சிங்கப்பூரிலிருந்து அட்டையைப் பயன்படுத்திப் பணம் கட்டிய தம்பிக்கும், மணிக்கொரு முறை பரிசோதனை முடிவை வாங்கிப் பார்த்து, பதற்றமில்லாமல் பதில் சொன்ன மதுரை மருத்துவருக்கும், தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் பாய்க்கும் கடன்பட்டிருக்கிறோம். பாய் எப்படி இதில் வந்தார் என்றால், அதே வாரம் இங்கே என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார்; அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று உறுதியாகும்வரை கூடவே இருந்து, எங்களுக்குத் தெரிந்தால் கலங்குவோம் என்று மூன்று வாரம் சொல்லாமலே வைத்திருந்தவர் அவர். வாடகைகூட வாங்கவில்லை என்று இப்போதுதான் அறிந்தோம்.

நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் அசரியா, 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அதை ஓய்வுநாள் பாடசாலையில் பெருமையோடு படித்து வளர்ந்த நான், அதே குற்றச்சாட்டு ஒருநாள் என்மீதும் விழும் என்று எண்ணவில்லை. மருந்து, நோட்டுப் புத்தகம், அரிசி என்று கொடுத்துக்கொண்டே இருந்த என்னிடம், எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர், "என்னிடமிருந்து நீ எதையும் வாங்கிக்கொள்வதே இல்லை" என்றார். அங்கே பாட்டிக்கு 'யேய்' என்று பெயர். இந்த யேய், 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர். அந்த ஆண்டுகளில் அந்நாட்டுத் திருச்சபையாரில் மிகப் பெரும்பாலோர் மாண்டார்கள் அல்லது நாட்டைவிட்டு ஓடினார்கள். 1990-இல்தான் வெளிப்படையாக ஆராதிக்க அனுமதி கிடைத்தது. கெமர் மொழியில் முழு வேதாகமம் அச்சானதே 1954-இல். தரங்கம்பாடியில் 1715-இலேயே தமிழில் புதிய ஏற்பாட்டைப் பெற்றுவிட்ட நாம், அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பது அங்கே உட்கார்ந்து பார்த்தால் உறைக்கும். அன்றிலிருந்து யேயிடம் 'ப்ரஹோக்' என்ற மீன் விழுதும் சமையலும் கற்றுக்கொண்டேன். வாசம் தாங்காது, ருசி போகாது.

பஞ்சத்தில் தன்னிடம் மிஞ்சியிருந்த மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் ஊர் விதவையின் கதையைச் சொன்ன அன்று, பானையில் இருந்த ஒரு பிடி மாவைப் பற்றிப் பேசும்போது, உங்கள் பிடியரிசியைப் பற்றியும் சொன்னேன். யேய் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கெமர் ரூஜ் நாட்களில் எவரும் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, எல்லாருக்கும் பொதுச் சாப்பாட்டுக் கொட்டகையில் தண்ணீராய்க் கஞ்சிதான், ஒரு பிடி அரிசியை மடியில் ஒளித்து வைத்ததற்காகத் தன் பக்கத்து வீட்டுப் பெண்ணை இழுத்துப்போனார்கள் என்றார். "உங்கள் ஊரில் அரிசியைத் தனியாக எடுத்து வைத்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அடுத்த வாரம், செய்வதாகச் சொன்னதைச் செய்தாயா என்ற கேள்வி வந்தபோது, வாய்க்குத் துணி கட்டிய ஒரு சிறு மண்பானையை முன்னால் நகர்த்தி வைத்தார். ஏழு நாள் அரிசி. அப்புறம் ஐந்து வீடுகளில் பானை வந்தது. சேர்ந்த அரிசியின் பெரும்பகுதி, எங்கள் கூட்டத்துக்கு வராத, பிள்ளை பெற்றுக் கிடந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கும், கால் முறிந்த ஒரு மீனவர் வீட்டுக்கும் போனது. நாங்கள் புறப்படும்போது, மிஞ்சியதை விற்ற பணம் 40,000 கம்போடிய ரியேலை ஒரு பழைய பள்ளி நோட்டுத் தாளில் மடித்து, பிடியரிசி வைக்கும் அக்காமாருக்கு என்று யேய் என் கையில் கொடுத்தார். நம் பணத்தில் எண்ணூறு ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல்.

டவுன்ஹால் ரோட்டில் இரண்டு இடங்களில் அதை மாற்றக் கேட்டுப் பார்த்தோம். ரியேல் எடுப்பதில்லை என்றார்கள். ஆகவே வருகிற அறுப்பின் பண்டிகையில் அந்தத் தாளோடு அப்படியே காணிக்கைத் தட்டில் வைக்கப்போகிறோம். அதைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று பொருளாளர் ஐயா முகம் சுளிக்கக் கூடாது என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரி