கடைசிப் பொருளாக உன்னை வைப்பார்கள்

அன்புள்ள பாப்பா,

இளையோர் ஆலோசனைக் குழுவுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்த கடிதத்தை அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பணிக்காலம் முழுக்கக் கூட்டங்களுக்கு மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு, எழுதியவள் நான். இப்படி ஒரு கடிதம் கையில் கிடைத்தால், அதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்றுதான் கண் முதலில் தேடும். நாட்டின் விளையாட்டுக் கொள்கைக்கு நீங்கள் ஆலோசனை சொல்லலாம் என்று இருக்கிறது. சொன்னபிறகு அதற்கு யார் பதில் தர வேண்டும், எத்தனை நாளில் தர வேண்டும், ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்வார்களா, உங்களில் யாருக்காவது ஓட்டு உண்டா, எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. முதல் கூட்டத்திலேயே இதைக் கேட்டுவிடு. போகப்போகக் கேட்டால் குறை சொல்கிறாள் என்பார்கள். முதல் நாள் கேட்டால் விவரம் கேட்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், கேள். அஜெண்டாவில், அதாவது பேச வேண்டிய பொருள்களின் பட்டியலில், முதலில் போன கூட்டத்து மினிட்ஸை உறுதி செய்வது வரும். பிறகு வரவு செலவு, மைதான வேலை, போட்டி நடத்தும் ஒப்பந்தம். ‘இளையோர் கருத்து’ என்பது கடைசிக்கு முந்தைய பொருளாக இருக்கும். அதற்குக் கீழே ‘தலைவர் அனுமதிக்கும் பிற பொருள்கள்’. அங்கே வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள், ஒருவர் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருப்பார். உங்களில் ஒருவரை எழுந்து பேசச் சொல்வார்கள். கை தட்டுவார்கள். எல்லாரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். என்னைப் போன்றவள் மினிட்ஸில் எழுதுவது இவ்வளவுதான்: “இளையோர் பிரதிநிதிகள் தங்கள் கருத்துகளைத் தெரிவித்தனர். தலைவர் நன்றி கூறினார்.”

அந்த வரியில் யார் என்ன செய்ய வேண்டும் என்று இல்லை, எந்தத் தேதிக்குள் என்றும் இல்லை. அதனால், எந்த முடிவு நிறைவேறியது என்று காட்டும் நடவடிக்கை அறிக்கையில் அது ஏறாது. அறிக்கையில் ஏறாததை அடுத்த கூட்டத்தில் கேட்க உனக்கு வழி கிடையாது.

நீ செய்ய வேண்டியது சின்ன வேலைதான், ஆனால் யாரும் செய்வதில்லை. அஜெண்டா தயாராவதற்கு முன்பே எழுதிக்கொடுத்து, உங்கள் பொருளை வரவு செலவுக்கு முன்னால் வைக்கச் சொல். பணம் பிரித்து முடித்தபிறகு சொல்கிற எந்த யோசனைக்கும் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்பதுதான் பதில். பேசுவதோடு நிறுத்தாமல் ஒரு பக்கக் குறிப்பைக் கையெழுத்திட்டுக் கொடு, மினிட்ஸோடு இணைப்பாகச் சேர்க்கும்படி கேள். கூட்டம் கலைவதற்கு முன், உங்கள் பொருளில் என்ன முடிவு எழுதப்படுகிறது என்று படித்துக்காட்டச் சொல். சிலருக்கு முகம் சுருங்கும். பரவாயில்லை. மினிட்ஸ் எழுதுகிறவர்களுக்கு அது உள்ளூரப் பிடிக்கும், எனக்குப் பிடித்திருக்கிறது.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் யுனிசெஃபுக்காகப் பிள்ளைகளின் பங்கேற்பைப் பற்றி எழுதும்போது எட்டுப் படி கொண்ட ஓர் ஏணி போட்டுக் காட்டினார். கீழே இருக்கும் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: பெரியவர்கள் தங்கள் பேச்சைப் பிள்ளைகளின் வாயால் சொல்லவைப்பது, பிள்ளைகளை மேடைக்கு அலங்காரமாக நிறுத்துவது, கணக்குக் காட்ட இரண்டு பேரை உட்காரவைப்பது. நான் பார்த்த கூட்டங்களில் பெரும்பாலானவை மூன்றாம் படியைத் தாண்டியதில்லை. இத்தனைக்கும் 1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் பிள்ளைகள் கருத்துச் சொல்லலாம், அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது. காது கொடுப்பது பாதி வேலை. மதிப்புத் தருவது மீதிப் பாதி, அதைத்தான் எல்லாரும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

போனில் நீ ஒன்று சொன்னாய். “குழுவில் மற்றவர்கள் எல்லாம் மெடல் வாங்கியவர்கள். நான் பதினாறு வயதில் நீச்சலை விட்டவள். எனக்கு அங்கே என்னம்மா வேலை?” அன்றிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

நீ விட்டதுதான் உன் தகுதி. கிளப்பில் உன்னைச் சேர்த்தபோது நான் நிரப்பிய படிவம் ஞாபகம் இருக்கிறது. பிறந்த தேதி, ரத்த வகை, பெற்றோர் கையெழுத்து, எதையும் விடவில்லை. நீ நின்றபோது ஒரு படிவமும் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை. அடுத்த மாதம் கட்டணம் வரவில்லை என்றதும் பெயரை அடித்துவிட்டார்கள். விடியுமுன் தொடங்கும் பயிற்சியும் பொதுத்தேர்வும் மோதிக்கொண்டன என்பது அவர்களுக்குத் தெரியாது. மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்று அங்கே பேச ஓர் ஆளும் இல்லை என்பதும் தெரியாது. ரிலே அணியில் இடம் கிடைக்காதவர்களுக்கு அந்த சீசன் முழுக்கப் போட்டியே கிடையாது என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் அப்படி வைத்ததே அவர்கள்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரை உள்ள, பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் கணக்கு அது. நூற்றுக்கு 81 பேருக்குப் போதிய உடல் அசைவு இல்லை. பெண் பிள்ளைகளில் அது 85. இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் ஒவ்வொரு தேசிய விளையாட்டுக் கொள்கையும் முதல் பத்தியில் கண்ணீர் விடுகிறது. இரண்டாம் பத்தியிலிருந்து மெடல் பேச்சு. அந்த 85 பேரின் இடத்திலிருந்து பேச உங்கள் மேஜையில் இருக்கப்போவது நீ ஒருத்திதான்.

இதில் ஒரு குழப்பம் உண்டு, அதில் மட்டும் ஏமாறாதே. விளையாட்டு வீரர்களின் பிரதிநிதி வேறு, இளையோர் பிரதிநிதி வேறு. முதலாவதற்கே பெரிய போராட்டம் நடந்திருக்கிறது. 1981-ல் மேற்கு ஜெர்மனியின் பாடன் பாடனில் நடந்த ஒலிம்பிக் மாநாட்டில்தான் வீரர்கள் நேரடியாகப் பேசினார்கள். அந்த ஆண்டே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் வீரர்கள் ஆணையம் பிறந்தது. அதில் இருந்த வாள்வீச்சு வீரர் தாமஸ் பாக் 2013-ல் அந்தக் கமிட்டிக்கே தலைவரானார். அதிலேயே இருந்த ஓட்ட வீரர் செபாஸ்டியன் கோ 2015-ல் உலகத் தடகள சம்மேளனத்தின் தலைமைக்கு வந்தார். அந்த வீரர்கள் ஆணையத்தின் தலைவராக இருந்த நீச்சல் வீராங்கனை கிர்ஸ்டி கவென்ட்ரி 2025-ல் ஒலிம்பிக் கமிட்டியின் முதல் பெண் தலைவரானார். அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் ஐந்தில் ஒரு பங்கு வீரர்களுக்கு என்றது. ஜிம்னாஸ்டிக்ஸ் பெண் பிள்ளைகள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை வெளியே சொன்னபிறகு, 2020-ல் வந்த சட்டம் அதை மூன்றில் ஒரு பங்காக உயர்த்தியது. எண்ணிக்கை உயர அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

ஆனாலும் அப்படி வருகிறவர்கள் ஜெயித்தவர்கள். பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள். பன்னிரண்டு வயதில் மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன தோன்றியிருக்கும் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் ஒரு நாளும் ஓரத்தில் உட்கார்ந்ததில்லையே.

எனக்குப் பிடித்தது நார்வேக்காரர்கள் செய்திருக்கும் ஏற்பாடு. அங்கே பதினைந்து வயதானால் கிளப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. ஆலோசனை இல்லை, ஓட்டு. சிறுவர் விளையாட்டுக்கென்று தனி உரிமை விதிகளும் வைத்திருக்கிறார்கள். தங்கள் பயிற்சியைத் திட்டமிடுவதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்பது அவற்றில் ஒன்று. பதினொரு வயதுக்கு முன் புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது, பதின்மூன்றுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. இப்படி வளர்த்தால் யார் ஜெயிப்பார்கள் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். குளிர்கால ஒலிம்பிக் பதக்கப் பட்டியலின் உச்சியில் அந்தச் சின்ன நாட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்.

உடை விஷயத்தையும் விட்டுவிடாதே. பெரியவர்களுக்கு அது அற்பமாகத் தெரியும். 2021-ல் நார்வேயின் கடற்கரை ஹேண்ட்பால் பெண்கள் அணி, விதிப்படியான பிகினிக் கீழாடையைப் போடாமல் ஷார்ட்ஸ் அணிந்து ஆடியதற்கு ஐரோப்பியச் சம்மேளனம் 1500 யூரோ அபராதம் போட்டது. சத்தம் கிளம்பிய பிறகு அந்த ஆண்டு முடிவதற்குள் சர்வதேச சம்மேளனம் விதியையே மாற்றியது. விம்பிள்டனில் வெள்ளை உடைக்குள் பெண்கள் அடர்நிற உள்ஷார்ட்ஸ் போட 2023-ல்தான் அனுமதி வந்தது, மாதவிடாயைப் பற்றி வீராங்கனைகள் வாய் திறந்து பேசியதால். இந்த விதிகள் எழுதப்பட்ட அறையில் அந்த உடையைப் போட்டு ஆடப்போகும் ஒரு பெண் பிள்ளை இருந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இன்னொரு பக்கமும் உண்டு. பிள்ளைகள் கேட்பதை எல்லாம் செய்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பதினைந்து வயது ஸ்கேட்டிங் பெண் ஒருத்தி ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கி, உலகமே பார்க்க அழுதாள். அதே ஆண்டு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழுக்கு உயர்த்த முடிவெடுத்தது. அன்று பதினைந்தில் இருந்த பிள்ளைகளைக் கேட்டிருந்தால் பாதிப் பேராவது ‘வேண்டாம், நாங்கள் தயார்’ என்றிருப்பார்கள் என்பது என் ஊகம். உன்னையே அந்த வயதில் கேட்டிருந்தால் நீயும் அப்படித்தான் சொல்லியிருப்பாய். முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டபிறகு ஏன் ஏற்கவில்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வயது வரம்பு போன்ற விஷயம் உங்கள் குழுவுக்கு வந்தால் ‘இளையோர் குரல்’ என்று ஒரே குரலாகப் பேசிவிடாதே. மெடலுக்கு ஓடுகிறவள் ஒன்று சொல்வாள், உன்னைப் போல் விட்டவள் வேறு சொல்வாள். இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

புது விளையாட்டுகளைச் சேர்த்து இளைஞர்களை ஈர்ப்போம் என்றும் ஒருவர் பேசுவார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் வந்தது, பதின்மூன்று வயது மோமிஜி நிஷியா தங்கம் வென்றாள், கண்கொள்ளாக் காட்சிதான். பாரிஸில் பிரேக்கிங் என்ற பிரேக்டான்ஸ் போட்டி வந்தது, 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் இல்லை. சேர்த்ததும் பெரியவர்கள், விட்டதும் பெரியவர்கள். அதனால் இந்தப் பேச்சில் மயங்கி அரை மணி நேரத்தைக் கொடுத்துவிடாதே.

உங்கள் குழுவில் எத்தனை பேர் நகரத்துப் பிள்ளைகள், எத்தனை பேர் இங்கிலீஷில் சரளமாகப் பேசுகிறவர்கள், மாற்றுத்திறனாளி யாராவது உண்டா என்று பார். கூட்டத்துக்கு வந்துபோகும் செலவை யார் தருகிறார்கள் என்றும் கேள். அது தராத குழுவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள், பிறகு ‘இளைஞர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்’ என்று அறிக்கை வரும். தேர்வு நடக்கும் மாதத்தில் கூட்டம் வைத்தால் அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடு. உங்கள் பதவிக்காலம் எவ்வளவு என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். ஓராண்டு என்றால், நீங்கள் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளும்போது அடுத்த பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இரண்டாண்டு கேளுங்கள். ஒரு பாதிப் பேர் மாறும்போது மறுபாதி இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள்.

அப்பா, நீ என்ன உடுத்திக்கொண்டு போகிறாய் என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். அஜெண்டா கைக்கு வந்ததும், எவ்வளவு ராத்திரி ஆனாலும், எனக்கு ஒரு காப்பி அனுப்பு. போன கூட்டம் என்று ஒன்று நடந்திருந்தால் அதன் மினிட்ஸையும் கேட்டு வாங்கி அனுப்பு. அதில் யார் கையெழுத்து இருக்கிறது, யார் வராமல் இருந்தார்கள் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா