வெள்ளிக்கிழமை நடனம்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பழைய கால மனநலக் காப்பகங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். சங்கிலி, இருட்டறை எல்லாம் உண்மைதான். ஆனால் நோயாளிகளுக்கு இசை என்பதே நம் காலத்து யோசனை என்கிற மாதிரி முடித்திருந்தது சரியில்லை.

இங்கிலாந்தில் வூஸ்டர் நகருக்குப் பக்கத்தில் பவிக் என்ற ஊரில் 1852இல் திறந்த காப்பகத்தில் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நடனம் உண்டு. வாத்தியக் குழுவில் இருந்தவர்கள் அங்கேயே வேலை பார்த்த பணியாளர்கள். பகலில் வார்டைப் பார்த்துக்கொண்டவர் மாலையில் கிளாரினெட் ஊதுவார். 1879இல் அந்தக் குழுவை நடத்த வந்தவர், பிற்காலத்தில் ‘சர்’ பட்டம் வாங்கிய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர். அப்போது வயது 21. வாரத்தில் ஒருநாள் போய்வருவார். நடனத்துக்குப் புதிதாக ஒரு போல்கா (துள்ளல் நடன இசை) எழுதினால் 5 ஷில்லிங்.

நான் நாற்பது வருடம் சர்ச் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவன். இருக்கிற ஆளை வைத்து ஒப்பேற்றுவது என்ன பாடு என்று தெரியும். எல்கருக்குக் கிடைத்தது புல்லாங்குழல், கார்னெட், யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுவாத்தியங்கள், கொஞ்சம் வயலின், ஒரு பியானோ. அந்தக் கதம்பத்துக்கு ஏற்றபடி ஐந்து வருடம் எழுதினார். ஒவ்வொரு வாத்தியத்தையும் கிட்ட இருந்து கற்றுக்கொண்டது அங்கேதான்.

இதற்காக அந்தக் காலத்தைக் கொண்டாடச் சொல்லவில்லை. வெள்ளி போனால் மற்ற நாட்களும் இருக்கின்றனவே! அக்கால இங்கிலாந்துக் காப்பகங்களில் ஆண்கள் பண்ணை வேலைக்குப் போனார்கள், பெண்கள் துணி வெளுத்தார்கள், தைத்தார்கள். அதுவும் சிகிச்சைதான் என்றார்கள் மருத்துவர்கள். கையில் வேலை இருந்தால் மனம் கொஞ்சம் அடங்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கூலி கிடையாது, நிர்வாகத்துக்குச் செலவு மிச்சம். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

இன்னொரு வேண்டுகோள். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில் கிரைட்டன் காப்பக நோயாளிகள் 1844 முதல் ‘நியூ மூன்’ என்று சொந்தமாகப் பத்திரிகையே நடத்தினார்கள். தொடரின் அடுத்த பகுதியில் அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட நல்ல விஷயம் அகப்படுமா?

— வாசகர், பாளையங்கோட்டை