காலையில கூப்பிடுய்யா

ஐயா ராசாவுக்கு, அம்மா எழுதுவது.

பக்கவாதம் வந்த அப்பாவோட மறதிக்கு டெஸ்ட் எடுக்கன்னு நீ அனுப்பின பணம் பேங்குல ஏறிட்டு. உன் பேச்சுதான் வரல. கூட அனுப்பின நியூரோஃபிலமென்ட்ங்கிற நரம்புப் புரதத்தைப் பத்தின கட்டுரையையும் கண்ணாடி போட்டு முழுசாப் படிச்சேன். தேடிப் பிடிக்கதுல என் பிள்ளை கெட்டிக்காரன்தான். ஆனா அந்த டெஸ்டை எடுக்கப் போறதில்ல. லேப்ல இருந்தவ சொல்லுதேன், கேளு.

நரம்பிழை சிதைஞ்சா அந்தப் புரதம் ரத்தத்துல கசியும். பக்கவாதத்துக்கு அப்புறம் மூணாவது வார வாக்குல உச்சத்துக்குப் போயிட்டு, எறங்க மாசக்கணக்காகும். வயசானாலும் கூடும், சுகர்ல கால் நரம்பு கெட்டாலும் கூடும், கிட்னி மந்தமானாலும் கூடும். அப்பாவுக்கு இந்த மூணும் இருக்கு. நம்பர் தூக்கலாத்தான் வரும், எதனாலன்னு ரிப்போர்ட் சொல்லாது. கூட்டமா ஆட்களை வச்சு ஒப்பிடுத ஆராய்ச்சிக்கு அது சரி. ஒத்தை ஆளோட ஞாபகம் அடுத்த வருஷம் எப்படியிருக்கும்னு ஆரூடம் சொல்ல ஒதவாது. நீ கேட்ட பி-டாவ் 217ங்கிற புரதம் வேற சங்கதி. 2025 மே மாசம் அமெரிக்காவுல அனுமதி கொடுத்த ரத்த டெஸ்ட் அந்த வகைதான். மூளையில அல்சைமர் படிவு இருக்கான்னு பாக்க அது. ரத்தக்குழாய் அடைச்சு வந்த மந்தத்தை அது அளக்காது.

நமக்கு வேண்டியது பழைய டெஸ்டுகதான். முதல்ல வைட்டமின் பி12. சைவச் சாப்பாடும் வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் சுகர் மாத்திரையும் சேந்தா அது குறையத்தான் செய்யும். 200 பிகோகிராமுக்குக் கீழ போனா குறைவுன்னு வச்சுக்கோ. ஊசி போட்டுட்டு ரத்தம் எடுத்தா நம்பரை நம்ப முடியாது, அதனால ரத்தம் முதல்ல, ஊசி பெறவு. அடுத்து ஹோமோசிஸ்டீன், பி12 குறைஞ்சா ரத்தத்துல கூடுத பொருள். வெறும் வயித்துல, ஊதா மூடி ட்யூப்ல எடுத்து, எடுத்த கையோட ஐஸ்ல வச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள மெஷின்ல சுத்தி அணுக்களைப் பிரிக்கணும். வெளிய கெடந்தா சிவப்பணு அதை விட்டுக்கிட்டே இருக்கும், உள்ளதைவிட நம்பர் தூக்கலா வரும். நீ புக் பண்ணுன பையன் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, பைக்குல பாளையங்கோட்டை வெயில்ல நாலு வீடு சுத்திட்டுப் போனா அந்த ரிப்போர்ட் குப்பைக்குத்தான். நானே ஆட்டோல அப்பாவை லேப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்காக ஹோமோசிஸ்டீனைக் குறைச்சா ஞாபகம் திரும்பும்னு நெனச்சிராத. பெரிய சோதனைகள்ல பி வைட்டமின் மாத்திரை அப்படி ஒண்ணும் தேறல. பி12 குறைவுன்னா அதைச் சரிபண்ணுவோம், அம்புட்டுதான்.

சோடியம், தைராய்டு, கிட்னிக்குப் பாக்குத கிரியாட்டினின் எல்லாம் இதோட பாத்திரலாம். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ. மறதி பைய வந்தா அது ஒரு கணக்கு. ஒரே நாள்ல ஆள் குழம்பினா சோடியம், சுகர், மூத்திரத்துல கிருமி, இல்ல புதுசா அடைப்பு. அன்னைக்கே ஆஸ்பத்திரி.

உள்ளபடிக்கு மூளையைக் காப்பாத்துறது பிரஷர்தான். 130/80க்குக் கீழ, கெட்ட கொழுப்பு எல்டிஎல் 70க்குக் கீழ. மோர்மிளகா, அப்பளம், ஊறுகா மூணும் வீட்டுல நிப்பாட்டியாச்சு. நீ வந்தா உனக்கு மட்டும் சொதிக்கு ரெண்டு பொரிக்கேன். வருவியான்னு கேக்கல.

இன்னொண்ணு. அப்பா சாயங்காலம் பேசுத பேச்சை வச்சு எதையும் முடிவு பண்ணாத. பொழுதிறங்கினா மூளை அசந்துரும். மூளையில இடப்பக்கம் அடிபட்டவங்களுக்குத் தேடுத பேரு வராது, அதுக்குப் பக்கத்துல இருக்கது வந்து விழும். கரண்டியைத் தட்டும்பாங்க. மகனைத் தம்பி பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. அது பேரு தப்புறது, ஆளை மறக்கது இல்ல. முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தா அநேகமா மீதி தானா வரும். மறதிக்கு 30 மார்க்குல ஒரு டெஸ்ட் வச்சாகளே, அதுல கொறஞ்சதுல பாதி பேச்சு வராததுனாலயும் வலக்கை கடிகாரம் வரைய முடியாததுனாலயும்தான். அந்த மார்க்கைப் பாத்தா நீ மெரண்ட?

கூப்பிட்டா வீடியோவுல கூப்பிடு, வாயசைவு தெரியணும். ‘நான் யாரு சொல்லுங்க’ன்னு பரீட்சை வைக்காத. ‘அப்பா, நாந்தான் சங்கர் பேசுதேன்’னு நீயே சொல்லிரு. ஒரு நேரத்துல ஒரு சங்கதி. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணு, அவுக வாயில வார்த்தை வரும்போது நீ முடிச்சு வைக்காத. ஆமா, இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேளு. காலையிலதான் தெளிவா இருக்காக. இங்க பத்துன்னா துபாய்ல எட்டரை, ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே.

உனக்கும் நாப்பது தாண்டிட்டு. பாட்டையா, அப்பான்னு ரெண்டு தலைமுறை பக்கவாதம் பாத்தாச்சு. பிரஷர் மெஷின் வாங்கினியா? அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து, முதுகு சாஞ்சு, கையை நெஞ்சு மட்டத்துல வச்சுப் பாரு. காபி குடிச்சு அரை மணி நேரம் போகட்டும். ரெண்டு தடவை பாத்து எழுதி வை. நம்பரை வாட்ஸப்புல அனுப்பிட்டு ஒதுங்கிராத, ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிட்டுச் சொல்லு. அப்பா பக்கத்துலதான் இருப்பாக.

அம்மா