விதைநெல்லைப் பேசிய வானொலி கூலியையும் பேசட்டும்: நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் வானொலி நிலையங்களில் பொதுப் பிரச்சினைகள் பற்றிய நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். அகில இந்திய வானொலியில் இருப்பவர்கள், சமுதாய வானொலிகளில் இருப்பவர்கள் என இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நிகழ்ச்சிக்குத் தலைப்பு அனுப்புங்கள் என்று நேயர்களிடம் கேட்கும் வழக்கம் உங்களுக்கு உண்டு. என்னிடம் சில தலைப்புகள் இருக்கின்றன. அவற்றை எப்படிச் செய்ய வேண்டும் என்பதிலும் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

1960களின் பிற்பகுதியில் தஞ்சை டெல்டாவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் பரவியது. திருச்சி வானொலி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டு விவசாயிகள் அதைப் பயிரிட்டதால் 'ரேடியோ நெல்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. எந்த மாதம் விதைப்பது, எவ்வளவு உரம் போடுவது, பூச்சி வந்தால் என்ன தெளிப்பது என்று வயலில் நிற்பவனுக்குத் தேவையானதை வானொலி நுணுக்கமாகச் சொன்னது. கேள்வி வந்தால் பதில் சொன்னது, அடுத்த வாரமும் அதே பயிரைப் பற்றிப் பேசியது. உங்கள் துறை பெருமைப்பட வேண்டிய வரலாறுதான்.

அதே டெல்டாவில், அதே ஆண்டுகளில், நெல் அறுத்தவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ரேடியோ நெல் என்ற பெயர் மக்கள் வாயில் நிலைத்தது. ரேடியோ கூலி என்று ஒன்று எங்கும் நிலைக்கவில்லை. நிலம் வைத்திருப்பவருக்கு வானொலி கொடுத்த நுணுக்கமும் தொடர்ச்சியும் அந்த நிலத்தில் வேலை செய்பவருக்கும் வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இது சலுகையும் இல்லை. அகில இந்திய வானொலியை நடத்தும் அமைப்புக்கான பிரசார் பாரதி சட்டம் 1990, பிரிவு 12ஐ உங்களில் பலர் படித்திருப்பீர்கள். சமூக நீதியை முன்னெடுப்பது, சுரண்டலையும் ஏற்றத்தாழ்வையும் தீண்டாமையையும் எதிர்ப்பது, உழைக்கும் வர்க்கத்தின் உரிமைகளைப் பாதுகாப்பது ஆகியவை விளையாட்டுக்கும் பண்பாட்டுக்கும் இணையான கடமைகளாகவே அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே நேயர் ஒருவர் தலைப்போடு வந்தால் அவர் தயவு கேட்டு வந்தவர் அல்ல.

ஆனால் இப்போது கேட்கக் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு துறை அதிகாரி நிலையத்துக்கு வருகிறார். இந்தத் திட்டத்தின் நோக்கம் என்ன என்று கேட்கிறீர்கள். பத்து நிமிடம் நோக்கம் சொல்கிறார். யாரெல்லாம் பயன் பெறலாம்? அடுத்த பத்து நிமிடம். கடைசியில் பயனாளி ஒருவர் வந்து நன்றி சொல்கிறார். வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். வேலை செய்பவர் முதலில் பேசட்டும், அதிகாரி அதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லட்டும். அதிகாரிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல அதிகாரிகளுக்கும் இதுதான் வசதி, பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். முதலாவது தூத்துக்குடி உப்பளங்கள்.

ஏப்ரல் வந்தால் 1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் நினைவுக்கு வந்துவிடும். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு அள்ளியதைப் பேசுவோம். நல்லது. இன்று உப்பு அள்ளுகிறவரைப் பற்றியும் ஒரு நாள் பேசலாமே. நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு தூத்துக்குடிப் பக்கம். விடியும் முன்பே வேலை ஆரம்பித்துவிடும். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தியிலிருந்து வரும் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது என்பதால்தான் அந்த அவசரம். பெண்கள் உப்பு நீரில் நின்று பலகையால் வாரிக் குவிக்கிறார்கள், கூடையில் அள்ளித் தலையில் சுமக்கிறார்கள். காலில் வெடிப்பு இருந்தால் உப்பு நீர் அதை ஆற விடாது. ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்களே என்பீர்கள். அதற்குள் நீர் புகுந்துவிட்டால் பூட்ஸ் போடாத காலை விட மோசம் என்று சொல்லும் பெண்களை நீங்களே சந்திக்கலாம். அளத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள். ஆண் நிருபர் கேட்டால் பதில் வராது. உங்கள் பெண் அறிவிப்பாளர் ஒருவரை அனுப்புங்கள்.

இதில் நிகழ்ச்சிக்கான முடிச்சு வேறோர் இடத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் கரைந்து வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி இல்லை. அந்தக் காலத்துக்கென்று தமிழ்நாடு அரசு சில ஆண்டுகளாக 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. வரவேற்க வேண்டிய காரியம். இப்போது விதைநெல்லுக்குக் கேட்ட மாதிரி கேளுங்கள். பட்டியலில் பெயர் சேர என்ன ஆவணம் வேண்டும்? கங்காணி மூலம் வேலைக்குப் போகும் பெண்ணிடம், இந்த அளத்தில் வேலை செய்கிறார் என்று காட்ட என்ன காகிதம் இருக்கும்? ஒரு வருடத்தில் மூன்று அளம் மாறியவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்? விடுபட்டவர் எந்த அலுவலகத்தில், எந்தத் தேதிக்குள் மனுக் கொடுக்க வேண்டும்? இந்த நான்கு கேள்விக்கும் சரியான பதிலை ஒலிபரப்பினாலே உங்கள் நிகழ்ச்சி அந்த ஊரில் பேசப்படும்.

இன்னொன்று. அரசியல் சட்டத்தில் உப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில். அதனால் உப்பளத்தைப் பற்றி மாநிலத் துறையிடம் கேட்டால் ஒன்றிய அரசின் உப்புத் துறையைக் காட்ட முடியும், அங்கே கேட்டால் இங்கே காட்ட முடியும். இரண்டு பேரையும் ஒரே ஒலிவாங்கி முன் உட்கார வைக்கிற வசதி வானொலிக்குத்தான் உண்டு. எங்களால் அது ஆகாத காரியம்.

அடுத்தது நகரத்துக் கதை. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்பவர்கள் நாள் முழுக்க நின்றே இருந்த நிலையை மாற்ற, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம். கேரளம் 2018இலேயே செய்தது. சட்டம் வந்த அன்று எல்லா ஊடகமும் பேசின. அப்புறம் யார் போய்ப் பார்த்தார்கள்? ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை பார்க்கும் சாக்கில் கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இருக்கும். அதன் மேல் சேலை அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஆய்வுக்கு யாராவது வந்தால் பெட்டியை எடுத்துவிட்டால் போதும், சட்டப்படி எல்லாம் சரி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார் என்ற பயத்துக்கு எந்தப் பிரிவில் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியவில்லை, சட்டம் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கால் நரம்பு சுருண்டுபோவதைப் பற்றி மருத்துவர் ஒருவரிடமும் ஐந்து நிமிடம்.

தொலைக்காட்சியால் இந்தக் கதையைச் செய்ய முடியாது. முகத்தை மங்கலாக்கிக் காட்டினாலும் தோளையும் சீருடையையும் பார்த்து, அது யார் என்று மேற்பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். வானொலியில் பெயரை மாற்றலாம், ஊரைச் சொல்லாமல் விடலாம், குரலே அடையாளமாகிவிடும் என்றால் அவர் சொன்னதை வேறொருவர் வாசிக்கலாம். பதிவு செய்வதற்கு முன்பே இதையெல்லாம் அவரிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பேட்டி முடிந்தபின் கேட்பது சம்மதம் ஆகாது.

மூன்றாவது தலைப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் செய்தி உங்களுக்குத் தெரியும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி உயிரிழந்தவர்கள் பற்றி 1993 முதல் அரசு வைத்திருக்கும் கணக்கில் தமிழ்நாடுதான் முன்னணியில் நிற்கிறது. மனிதக் கழிவகற்றும் வேலையைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. இறந்த அன்று எல்லோரும் வருகிறார்கள். நீங்கள் ஒரு வருடம் கழித்துப் போங்கள். பணம் முழுதாக வந்ததா, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? பிறகு அடுத்த வருடமும் அதே வீட்டுக்குப் போங்கள்.

சமுதாய வானொலி நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செய்தியும் நடப்பு விவகாரமும் கூடாது என்று உங்கள் உரிம விதியில் இருப்பது தெரியும். அந்த விதியே எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். ஆனால் அந்த விதிக்குப் பயந்து சமையல் குறிப்போடு நின்றுவிடாதீர்கள். நலவாரியத்தில் பதிவது எப்படி, மழைக்கால நிவாரணத்துக்கு மனு எழுதுவது எப்படி என்று சொல்வது செய்தி அறிக்கை ஆகாது. தன் கால் வெடிப்பைப் பற்றி ஒரு பெண் பேசுவதும் ஆகாது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி ஒலிக்கிறது. தெலங்கானாவில் மாச்னூரில் 2008 முதல் தலித் பெண்களே சங்கம் ரேடியோவை நடத்துகிறார்கள். விதி அவர்களுக்கும் அதேதான்.

நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நிலையத்துக்கு வந்து உரையாற்றும் நிபுணருக்குச் சன்மானம் உண்டு. உங்களுக்காக அரைநாள் வேலையை விடும் உப்பளப் பெண்ணுக்கு என்ன? குறைந்தபட்சம் அன்றைய கூலியாவது கிடைக்க வழி பாருங்கள். உங்கள் விதியில் இடமில்லை என்றால் வேலை முடிந்தபின், மத்தியானத்துக்கு மேல், அவர் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்யுங்கள். பிறகு, அவர் கையில் இருப்பது செல்போன், அதில் கேட்பது எஃப்.எம். மட்டுமே. நீங்கள் மத்திய அலையில் (மீடியம் வேவ்) ஒலிபரப்பிவிட்டு, விழிப்புணர்வு ஏற்படுத்தினோம் என்று கோப்பில் எழுதிக்கொண்டால் பேசியவரே தன் குரலைக் கேட்டிருக்க மாட்டார். ஒரே நிகழ்ச்சியை எஃப்.எம்.மிலும் போடுங்கள், அதிகாலையில் வேண்டாம், அவர் அளத்தில் இருப்பார். இரவு எட்டு மணிக்குப் போடுங்கள்.

உப்பளத்தைச் செய்வதாக இருந்தால் இரண்டு தடவை வர வேண்டியிருக்கும். ஆகஸ்டில் ஒரு தடவை, பாத்தியில் வேலை நடக்கும்போது, பலகை உப்பை வாரும் சத்தத்தோடு. நவம்பரில் இன்னொரு தடவை, அதே பெண்களின் வீடுகளில், நிவாரணம் வந்ததா என்று கேட்க. பேச ஒப்புக்கொள்பவர்களை அறிமுகப்படுத்துவது என் பொறுப்பு. ஆகஸ்ட் பதிவுக்கு ஜூலைக்குள் தேதி சொல்லிவிடுங்கள், அவர்களிடமும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

அன்புடன்,
தூத்துக்குடிப் பக்கத்து நேயர் ஒருவர்