என் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 22 ஆண்டுகளாகப் பிடித்துவந்த சிகரெட்டை நான் விட்டு இன்றோடு பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மனவுறுதிக்காரன் என்று பலர் என்னைப் பாராட்டுகிறார்கள். முதல் நான்கு வாரங்களில் என் வாயிலிருந்து வந்த சொற்களை யாரெல்லாம் வாங்கிக்கொண்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்பாராட்டில் பெரும்பங்கு யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களிடமே அதைச் சேர்ப்பிக்க இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி மருத்துவருக்கு. அவரிடம் போவதற்கு முன் நான்கு முறை விட முயன்று, நான்கு முறையும் ‘டென்ஷன்’ என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக்கொண்டு திரும்பியவன் நான். சிகரெட்தான் என் பதற்றத்தைத் தணிக்கிறது, அது இல்லாமல் என்னால் ஒரு நெருக்கடியையும் தாங்க முடியாது என்று உறுதியாக நம்பியிருந்தேன். மருத்துவர் நுரையீரல் படத்தைக் காட்டி அச்சுறுத்தவில்லை. “காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள்?” என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். “தூங்கி எழுந்த மனிதருக்குப் பத்து நிமிடத்தில் என்ன டென்ஷன் வந்துவிட்டது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு அவரே விளக்கினார். சிகரெட்டிலிருந்து இரத்தத்தில் சேரும் போதைப்பொருளான நிகோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அது குறையக் குறைய எரிச்சலும் படபடப்பும் கூடுகின்றன. அடுத்த சிகரெட் அந்தப் படபடப்பை அடக்கியதும், வாழ்க்கையின் கவலையையே அது தீர்த்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். தானே மூட்டிய தீயைத் தானே அணைத்து நல்ல பெயர் வாங்குகிற வேலை அது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை ஒன்றையும் எடுத்துக் காட்டினார். தொடர்ந்து புகைத்தவர்களைவிட விட்டவர்களுக்கே பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன என்பது அதன் முடிவு. படித்தேன், முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது மூன்றாவது நாள்களில் எனக்கு இருந்த நிலையில் எந்த ஆய்வும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த மூன்றாவது நாளில்தான், தண்ணீர்ப் புட்டியின் மூடி சரியாக மூடப்படவில்லை என்பதற்காக, வீடே அதிரும்படி என் மனைவியிடம் கத்தினேன். அவர் பதிலுக்கு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சமையலறையில் இருந்த, திருகி வைக்கும் டைமரை எடுத்து ஐந்து நிமிடத்துக்குத் திருகி என் முன் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். புகைக்க வேண்டும் என்ற வேட்கை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே உச்சத்தில் நிற்கும், பிறகு தானாகவே இறங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னதை நான் மறந்திருந்தேன், என் மனைவி மறக்கவில்லை. தொடக்கத்தில் அந்த டிக் டிக் ஓசையே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஒரு வாரம் போனபின், கத்தப் போகிறேன் என்று தெரிந்தால் நானே அதை எடுத்துத் திருகத் தொடங்கினேன்.

தொலைபேசியில் வாரம் ஒருமுறை விசாரித்த செவிலியருக்குத் தனி நன்றி. இடையிடையே எனக்கு வந்த விக்கலைக் கேட்டே, சிகரெட்டை விடுவதற்கு மருந்தாக மெல்லும் நிகோட்டின் சூயிங்கத்தை நான் தவறாக மெல்லுகிறேன் என்று கண்டுபிடித்தவர் அவர். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று, ஊறும் சாற்றையெல்லாம் விழுங்கி, விக்கலோடு வயிற்றெரிச்சலையும் வரவழைத்துக்கொண்டு, மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். மெதுவாக மென்று, நாக்கில் சுறுசுறுவென்று ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி, அது அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும் என்று அவர்தான் கற்றுக்கொடுத்தார். நான் குடிக்கும் காபியின் அளவைக் கேட்டு அதைப் பாதியாக்கச் சொன்னவரும் அவரே. சிகரெட் புகை காஃபீனைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கிறதாம். புகையை நிறுத்தினால் அதே காபி இரத்தத்தில் நெடுநேரம் தங்கிவிடுகிறதாம். என் கை நடுக்கத்திலும் தூக்கமின்மையிலும் ஒரு பகுதி சிகரெட்டை விட்டதால் வந்ததல்ல, காபியால் வந்தது!

மூச்சுப் பயிற்சியும் அவர் சொன்னதுதான். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். புகைக்கும்போதும் ஆழமாக இழுத்து மெல்லத்தான் விட்டேன். அப்போது கிடைத்த நிம்மதியில் கொஞ்சம் அந்த மூச்சுக்கே உரியதாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

என் அலுவலக நண்பரைப் பற்றிச் சொல்லாமல் இம்மடல் நிறைவுறாது. அவர் இன்றும் புகைப்பவர். இருபத்து நான்காவது நாள், மூன்று வாரம் உழைத்துத் தயாரித்த கணக்கு முழுவதும் பிழை என்று திரும்பி வந்தபோது, அவர் முன் கையை நீட்டினேன். “எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள், நான் தரமாட்டேன்” என்றார். திட்டினேன், இரண்டு நாள் அவரோடு பேசாமலும் இருந்தேன். அன்று மாலை நானே ஒரு பெட்டி வாங்கி ஒன்றைப் பிடித்தும் விட்டேன்.

அதை மறைக்க விரும்பவில்லை. கையில் மீதிப் பெட்டியோடு என் அண்ணனை அழைத்தேன். அவரும் ஒரு காலத்தில் புகைத்து, பிறகு அதை விட்டவர். அவர் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. “ஒன்றுதானே? மீதியைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடு. நாளை உனக்கு இருபத்தைந்தாவது நாள், முதல் நாள் அல்ல” என்றார். என் முந்தைய நான்கு முயற்சிகளும் இப்படி ஒரு சிகரெட்டில்தான் முடிந்திருந்தன. ஒன்று போனால் எல்லாம் போயிற்று என்று நானே கணக்கை மூடியிருந்தேன்.

என் கீழ் வேலை செய்த இருவருக்கு நன்றியைவிட மன்னிப்பே முதலில் உரியது. அதை நேரிலும் கேட்டுவிட்டேன். “ஒன்று பிடித்தால் ஒன்றும் ஆகிவிடாது” என்று பெட்டியை நீட்டியவர்களுக்கும், “மனது வைத்தால் போதும், மருந்து எதற்கு?” என்று அறிவுரை சொன்னவர்களுக்கும் இம்மடலில் இடமில்லை.

இப்போதும் நெருக்கடிகள் வருகின்றன, குறைந்துவிடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை நானே உண்டாக்கிக்கொண்ட நெருக்கடி மட்டும் இல்லை. டைமர் சமையலறைக்குத் திரும்பிவிட்டது. என் கைபட்டு அதன் திருகு தேய்ந்து, ஐந்து நிமிடத்துக்கு வைத்தால் நான்கிலேயே மணியடிக்கிறது. புதியது வாங்கித் தருகிறேன் என்றேன். இதுவே இருக்கட்டும் என்றுவிட்டார் என் மனைவி.

நன்றியுடன்,
உங்கள் அன்பன்