சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

மூணாறு,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. துலாமழை விடாமல் கொட்டுகிறது, எழுத உட்கார்ந்தால் கரண்ட் போய்விடுகிறது. இன்றுதான் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது.

உங்கள் வாசகர் கூட்டத்தில் ஒருவர், வர்க்கம், போராட்டம் என்று கதை எழுதிய காலமெல்லாம் முடிந்துவிட்டது, இனி சாதியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றாராம். உன் கருத்து என்ன என்று என்னைக் கேட்டிருக்கிறாய். எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். என் பதில் அதிலேயே இருக்கிறது.

மதினிக்கு இந்த மாதம் 31ஆம் தேதியோடு தேயிலைத் தோட்டத்து வேலை முடிகிறது. 58 வயதாகிவிட்டது. அண்ணன் முன்பே ரிட்டயர் ஆனவன். மதினி பெயரில் வேலை இருந்ததால் கம்பெனியின் லயத்து வரிசை வீட்டில் இத்தனை நாள் இருந்தார்கள். இனி வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் சர்வீஸ் காசு கைக்கு வரும். முப்பத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளியவள் அவள். விரலிடுக்கில் ஏறிய கறை இனி எந்தச் சோப்புக்கும் போகாது. வாசலில் அவள் வைத்த பேரிக்காய் மரம் இந்த வருஷம்தான் நன்றாகக் காய்த்தது.

உனக்கு இது புதிதா? எட்டாம் வகுப்பில் முழுப்பரீட்சை முடிந்த வாரம் உன் அப்பா சாவியைக் கொடுத்தார். டிரங்குப் பெட்டியும் கோழிக்கூடும் ஜீப்பில் ஏறின, நீயும் ஏறினாய். கயத்தாறு எங்கே இருக்கிறது என்றுகூட உனக்குத் தெரியாது. சொந்த ஊருக்குப் போகிறாய் என்று எல்லோரும் சொன்னார்கள். நீ பிறந்த ஊர் இதுதானே என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.

தகழியின் 'தோட்டியின் மகன்' படித்திருப்பாய், சுந்தர ராமசாமி தமிழில் கொண்டுவந்தது. மலையாளத்தில் 1947இல் வந்த நாவல். ஆலப்புழையில் மலம் அள்ளுகிற மூன்று தலைமுறையின் கதை. இசக்கிமுத்து, சுடலைமுத்து என்று அந்தப் பெயர்களைப் பார். நம் தெற்கத்திப் பெயர்கள். சுடலைமுத்து மகனுக்கு மோகனன் என்று பெயர் வைக்கிறான். பெயராவது வேறாக இருந்தால் பிழைப்பும் வேறாகும் என்று நம்புகிறான். அந்த ஆசையில் காசு சேர்க்கிறான், கூட வேலை செய்பவர்களுக்கே துரோகம் செய்கிறான். கடைசியில் மகன் கைக்கும் அதே வாளிதான் வருகிறது.

பள்ளியில் தமிழ் நடத்திய நாளில் பத்துத் தடவையாவது அதைப் படித்திருப்பேன். அப்போதெல்லாம் சுடலைமுத்து மேல் கோபம்தான் வரும். இப்போது அண்ணனை நினைக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, நான் டீச்சர் டிரெயினிங் முடிக்கட்டும் என்று மருந்தடிக்கப் போனான். அவன் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. தன் படிப்பைத்தான் கொடுத்தான். நான் மலையை விட்டு இறங்காமலேயே லயத்தை விட்டு வெளியே வந்தேன் என்றால் அவன் உள்ளேயே இருந்ததால்தான்.

2015 செப்டம்பரில் தோட்டத்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது அது எனக்கு நன்றாக உறைத்தது. போனஸை 20 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்தார்கள். அன்றைக்குத் தினக்கூலி 232 ரூபாய், அதற்கு 21 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாள் மூணாறை விட்டு நகரவில்லை. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. சங்கத் தலைவர்களை அருகிலேயே விடவில்லை. எங்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு எங்களை விட நல்ல வீட்டில் இருக்கிறீர்களே, அது எப்படி என்று நேருக்கு நேர் கேட்டார்கள். செல்வி, நான் படித்த கதைகளில் ஒரு பக்கம் முதலாளி, மறு பக்கம் கொடி பிடித்த தொழிலாளி, நடுவில் ஒரு கோடு. அந்தப் பெண்கள் கொடிக்கு உள்ளேயும் ஒரு கோடு இருப்பதைக் காட்டினார்கள். போனஸ் 20 சதவீதமாகவே கிடைத்தது, அடுத்த மாதம் கூலி 301 ஆனது. ஐந்நூறு கேட்டார்கள், அது வரவில்லை.

நான் தினமும் சாயங்காலம் போய் ஓரமாக நின்றேன். மூன்றாம் நாள் மதினி என்னைப் பார்த்து, "நீங்க ஏன் டீச்சர் அங்க நிக்கிறீங்க, இங்க வந்து உக்காருங்க" என்றாள். வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள், அத்தனை பேர் முன்னால் டீச்சர் என்றாள். போய் உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல் இன்னும் காதில் இருக்கிறது.

சரி, சாதிக்கு வருகிறேன். உங்கள் கூட்டத்து நண்பர் சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். ஆள் பிடிக்கும் கங்காணி முன்பணம் கொடுத்து இந்த மலைக்கு ஏற்றியது யாரை? கீழே நிலமில்லாதவர்களை. அவர்களுக்கு ஏன் நிலமில்லை என்று கேட்டால் சாதி வந்து நிற்கும். இன்றும் இங்கே பிறந்த பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். லயத்துக்காரனிடம் பட்டா ஏது, ஆதாரம் ஏது? இரண்டும் ஒரே முடிச்சு. ஒன்றைப் பேசினால் இன்னொன்றைப் பேச வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

கேரளத்தில் 1970 ஜனவரி 1ஆம் தேதி நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வயல் வேலைக்காரர்கள் குடியிருந்த குடிசைக்கும், பஞ்சாயத்துப் பகுதியில் அதைச் சுற்றிப் பத்து சென்ட் வரைக்கும் உரிமை கிடைத்தது. பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பில் விலக்கு. வயலில் குனிந்து வேலை செய்தவனுக்கு அடிமண் கிடைத்தது, மலையில் கூடை சுமந்தவளுக்குக் கிடைக்கவில்லை. இங்கே பக்கத்தில் பெட்டிமுடித் தோட்டத்தை நினைத்துப் பார். 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். பலர் உங்கள் கயத்தாறுப் பக்கத்துச் சொந்தங்கள், நீயும் அழுதுகொண்டே போன் செய்தாய். தப்பிய எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார்வாலி என்ற இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். சொந்த வீடு அப்படியா வர வேண்டும்?

நம் இலக்கியத்தில் கூலி உயர்வு வந்திருக்கிறது, வேலைநிறுத்தம் வந்திருக்கிறது, அடியும் சாவும் வந்திருக்கின்றன. சாவி கொடுக்கும் நாளை மட்டும் நான் இன்னும் படிக்கவில்லை. ஆபீஸ் மேசையில் அதை வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறவளின் மனம் ஒரு கதைக்குப் போதாதா? உங்கள் கூட்டத்தில் இளம்பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்றாயே, அவர்களிடம் சொல்.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அண்ணன் மகன் பி.காம் முடித்துத் திருப்பூரில் கணக்கு எழுதுகிறான், தெரியும் உனக்கு. போன வாரம் வந்தவன், தோட்டத்தில் பெயர் கொடுக்கப் போகிறேன், என் பெயரில் வேலை இருந்தால் அப்பாவும் அம்மாவும் வீட்டிலேயே இருக்கலாம் என்கிறான். மருந்துத் தெளிப்பான் தூக்கத் தயார் என்கிறான். மதினி வாய் திறக்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுந்து மழையில் வெளியே போய்விட்டான். என் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது, வாருங்கள் என்று கேட்டுவிட்டேன். தங்கச்சி வீட்டில் போய் உட்கார அவனுக்கு மனம் வரவில்லை.

உன் தெருவிலோ பாரதி நகர்ப் பக்கமோ சின்னதாக ஒரு வாடகை வீடு கிடைக்குமா, முன்பணம் எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்துச் சொல். பையன் 25ஆம் தேதி மனு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் தெரிந்தால் நல்லது. கடிதம் போட வேண்டாம், போன் பண்ணு.

உன்,
மேரி