மாவளி சுற்றினோம், மச்சான்

மச்சான்,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீ அனுப்பியதையெல்லாம் கரண்ட் வந்த பிறகுதான் பார்த்தேன், பதில் போடத் தோன்றவில்லை. துபாயில் உட்கார்ந்துகொண்டு ‘சேஃபா, சேஃபா’ என்று எத்தனை தடவைதான் கேட்பாய், கடன்காரன் மாதிரி.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை ஏறியது, மயிலத்தில் 50 செ.மீ. கொட்டியது, இதெல்லாம் நீ டிவியில் பார்த்ததுதான். மழையோடு போயிற்று என்று படுத்திருந்தோம். டிசம்பர் 2-ஆம் தேதி விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி, தென்பெண்ணை ஆறு தெருவுக்குள் நிற்கிறது. கூடத்தில் இடுப்பளவு. நாங்கள் போய் ஏறி நின்றது எங்கே தெரியுமா? மாடி வீட்டார் மொட்டைமாடியில்! ஆமாம், வரப்புச் சண்டையில் அப்பாவோடு பேச்சில்லாத அதே மாடி வீட்டார்தான். அவரே இறங்கி வந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் பேசவில்லை. அவர் கொடுத்த டீயை மட்டும் அப்பா குடித்தார்.

நெல் போச்சு. பால் பிடிக்கிற நேரம், அத்தனையும் மணலுக்கடியில். ஹெக்டேருக்கு 17,000 நிவாரணமாம். என் ஒன்றேகால் ஏக்கருக்கு எவ்வளவு வரும், அதில் மணல் அள்ளுகிற ஜேசிபிக்கு எவ்வளவு போகும், நீதான் கணக்குப் புலியாயிற்றே, போட்டுப் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 13-ஆம் தேதி கார்த்திகை தீபம். திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் போன துக்கம், பக்தர்களை மலையேற விடவில்லை, இங்கே சுவரெல்லாம் சேறு. வாசலில் ஒரு அகல் ஏற்றினால் போதும் என்று சொல்லிவிட்டேன். அப்பா காதிலேயே வாங்கவில்லை. இரண்டு நாள் முன்னாலேயே பரணில் ஏறி ஒரு சாக்கைத் தள்ளிவிட்டார். உள்ளே காய்ந்த பனம்பூ! வருஷா வருஷம் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார், யாரிடமும் மூச்சு விடாமல். கார்த்திகைக்குப் பொறி பறக்கச் சுற்றுவோமே மாவளி, அதை இந்தப் பனம்பூக் கரியில்தான் செய்வது. நாம்தான் பட்டாசு வந்ததும் அதை மறந்துவிட்டோமே.

குழி வெட்டினார். பூவைப் போட்டுக் கொளுத்தி, தணல் சாம்பலாகிவிடாமல் சரியான நேரத்தில் மண் தள்ளி மூடினார். அந்த நேரம் எப்படித் தெரியும் என்றால் ‘வாசனை’ என்கிறார், எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. கரியை அம்மியில் பொடித்து, பழைய வேட்டியைக் கிழித்து, அதில் கொட்டி இறுக்கிச் சுருட்டிக் கட்டியது பெரியவன். பனை மட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் அதைச் செருகி, கயிறு கட்டி, அதன் தலையில் நெருப்பு வைத்து ஊதினோம். சின்னவள் ஊதி ஊதி முகமெல்லாம் கரி. எடுத்துச் சுற்றினால், அடேயப்பா, தெருவே பொறி. ‘மாவளியோ மாவளி’ என்று நான்தான் முதலில் கத்தினேன், பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் முதலில் கட்டிய மாவளி எங்கள் வீட்டுக்கு இல்லை. அதைப் பெரியவன் கையில் கொடுத்து, பொரி உருண்டையும் வைத்து, மாடி வீட்டுப் பேரனிடம் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினார் அப்பா. நேரில் போக மாட்டாராம். வரப்பு விஷயம் வேறு, இது வேறாம். அந்தக் காலத்தில் நெல் அறுத்துக் கொடுத்தவர், பனையேறி, வண்ணார் என்று முதல் படையல் அவர்களுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வரும் என்று அம்மா சொல்கிறாள். நன்றி என்று ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதாகத் தெரியவில்லை.

அப்புறம் அகல். கிணறு, எருக்குழி, மோட்டார் கொட்டகை, எல்லா இடத்திலும் வைத்தார். கடைசியில் ஆற்றங்கரைக்கும் ஒன்று என்று கிளம்பியபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது, மச்சான். நம்மை முழுங்கிய ஆற்றுக்கு விளக்கா என்று கத்திவிட்டேன். “போன கோடையில தண்ணி வரலன்னு அதைத் திட்டுனவனும் நீதானடா” என்றார். என்ன சொல்வது? எண்ணெய்க் கிண்ணத்தை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, வயலைப் பார்க்கிறபோதெல்லாம் வருகிறது.

தை 5 ஆற்றுத் திருவிழா இந்த வருஷம் நடக்கும் என்கிறார்கள். லீவு கேட்டுப் பார். சுருளிக்கிழங்கு வாங்கித் தருகிறேன், காசு நீ கொடு. மாடி வீட்டுப் பேரனுக்கு ஒரு பென்சில் டப்பா வாங்கி வா, அப்பா சொன்னதாகச் சொல்லாதே.

உன்,
மச்சான்